ஒன்பதாவது படம்

எங்கள் தாமான் குடியிருப்பில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘கேமரா அண்ணே’தான். பிறந்தநாளா, மஞ்சள் நீராட்டா, பாலர் பள்ளி ஆண்டு விழாவா, கழுத்தில் கேமராவோடு நான் நிற்பேன். என்னைவிட மூத்தவர்கள்கூட அண்ணே என்றுதான் சொல்வார்கள். அது உறவுமுறை இல்லை, பட்டம். என் மனைவிக்கு அப்போது ‘கேமரா அண்ணே வீட்டுக்காரம்மா’ என்று பெயர். இப்போது அவள் ‘கேமரா அக்கா’. நான் ‘கேமரா அக்கா வீட்டுக்காரரு’. இதைச் சொல்லிவிட்டால் பாதிக் கதை முடிந்தது. மீதிப் பாதி என் வயிற்றெரிச்சல்.

எனக்கு வேலை பிரிக்பீல்ட்ஸில், பேனர் அச்சடிக்கும் கடையில். கிள்ளானிலிருந்து தினமும் கொமுட்டர் ரயிலில் போய் வருகிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கண்ணீர் அஞ்சலி என்று நாள் முழுக்க அடுத்தவர் முகங்கள் என் எதிரே நீளமாக உருண்டு வெளியே வரும். அவற்றில் குறை கண்டுபிடிக்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதில் பெண்ணின் கொண்டை வெட்டுப்பட்டிருக்கிறது, அதில் மாப்பிள்ளை கண் மூடியிருக்கிறார் என்று ஓயாமல் சொல்வேன். கடை முதலாளி ஒருநாள் தாங்க முடியாமல், “அண்ணே, நீங்களே ஒரு கேமரா வாங்கி எடுங்க லா. எங்க காதாவது தப்பிக்கும்” என்றார். வாங்கினேன். மூன்று கால் ஸ்டாண்டும் வாங்கினேன். பிறகு அகலப் படத்தில் பைத்தியம் பிடித்தது.

அகலப் படம் என்றால் வேறொன்றுமில்லை. ஒரு திடல் முழுவதும் ஒரே படத்தில் வேண்டும். ஆனால் கேமராவுக்கு அவ்வளவு அகலக் கண் இல்லை. அதனால் இடக்கோடியிலிருந்து வலக்கோடி வரை கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி வரிசையாகப் பல படங்கள் எடுக்க வேண்டும். பிறகு கணினியில் ஒரு மென்பொருள் அவற்றை ஒட்டித் தைக்கும். முதல் படத்தின் வலது ஓரத்தில் இருப்பது இரண்டாம் படத்தின் இடது ஓரத்திலும் இருக்கும் அல்லவா, அதைத் தேடிப் பிடித்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் தையல் தெரியாமல் சேர்த்துவிடும். இதைக் கடையில் உள்ளவர்களுக்கு நான் விளக்கும்போது, அந்த மென்பொருளை எழுதியதே நான்தான் என்று கேட்பவர்கள் நினைத்திருக்கலாம். அப்படி நினைக்கட்டும் என்றுதான் விளக்கினேன்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் தாமான் பொங்கலில் என் மானம் போனது.

எங்கள் குடியிருப்பாளர் சங்கம் வருடா வருடம் பொங்கலை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமை, பாஸ்கெட்பால் கோர்ட்டில் எல்லாக் குடும்பங்களையும் வரிசையாக நிற்க வைத்துப் பொங்கல் வைக்கும். இருபத்து நான்கு பானைகள், ஒரே நீண்ட வளைவாக. அந்த வருடம் சங்கத்துக்கு ஒழுங்கு பைத்தியம். பானைகள் எல்லாம் ஒரே கடையில் மொத்தமாக வாங்கியவை. பெண்கள் எல்லாருக்கும் ஒரே மாம்பழ மஞ்சள் புடவை. சிமெண்டுத் தரையில் கோலம் போட நேரமாகும் என்று, கிள்ளான் கடைத்தெருவில் விற்கும் தாமரைக் கோல ஸ்டிக்கரை வாங்கி இருபத்து நான்கு பானைக்கும் முன்னால் ஒட்டிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான் பன்னிரண்டே படங்களில் மொத்தக் கோர்ட்டையும் முடித்தேன். குறைவாக எடுப்பவன்தான் கெட்டிக்காரன் என்பது அப்போது என் கொள்கை.

மென்பொருள் பாவம், என்ன செய்யும்? ஒன்பதாவது பானையின் கோலமும் பதின்மூன்றாவது பானையின் கோலமும் ஒன்றுதான் என்று நம்பிவிட்டது. இரண்டையும் ஒன்றாக்கித் தைத்தது. நடுவில் இருந்த பானைகள் அப்படியே விழுங்கப்பட்டன. நானும் சரியாகப் பார்க்காமல் கடையில் நீளமாக அச்சடித்து, சங்க மண்டபத்தில் தொங்கவிட்டேன். எல்லாரும் கோப்பிக் குவளையோடு வந்து தங்கள் முகத்தைத் தேடினார்கள். சங்கத் தலைவர் இடது பக்கத்திலிருந்து வலது பக்கம் நடந்தார். பிறகு வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் நடந்தார்.

“அண்ணே, எங்க வீட்டுப் பானை எங்க?”

அவர் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார். “பானைய விடுங்க, நான் எங்க? காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு தலை பின்னிட்டு வந்தேனே!”

போதாக்குறைக்கு, தையல் விழுந்த இடத்தில் ஒரு அம்மாவுக்கு மூன்று கைகள். அந்த அம்மாவின் மகன் இன்றும் என்னைப் பார்த்தால் கையை எண்ணிக் காட்டுவான். நான் மென்பொருளைத் திட்டினேன், ஸ்டிக்கரைத் திட்டினேன், புடவைக் கடையைத் திட்டினேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தலைவர் பெருந்தன்மையாக, “பரவால்ல லா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்” என்றார். பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அன்று மத்தியானம் என் மனைவி என் கணினியில் அந்தப் பன்னிரண்டு படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். அவள் காலையில் பாலர் பள்ளி ஆசிரியை, மத்தியானத்துக்கு மேல் வீட்டில் பிளவுஸ் தைப்பாள். அதுவரை என் கேமராவை அவள் தூசு தட்டியதோடு சரி.

“ஏங்க, எல்லாம் ஒரே மாதிரி இருந்தா அது குழம்பாதா? எனக்கே குழம்புது. அப்புறம், ஓரத்துல இவ்வளவு கொஞ்சமா விட்டு எடுத்திருக்கீங்களே. பிளவுஸ்லகூட உள்ள துணி விட்டுத்தானே தைப்போம். ஒட்ட வெட்டினா தையல் எதப் பிடிக்கும்?”

“உனக்கு என்ன தெரியும் இதப் பத்தி?” என்றேன்.

எனக்குத் தெரிந்த வரையில் அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் கற்றுக்கொண்டாள். கோபித்துக்கொண்டு கற்கவில்லை, அவளுக்குக் கோபிக்கத் தெரியாது, அதுவே எனக்குப் பெரிய தொல்லை. தையல் மெஷின் பக்கத்தில் கணினியை வைத்துக்கொண்டு, கைபேசியில் எடுத்த படங்களைத் தைத்துப் பார்த்தாள். முதலில் எங்கள் வீட்டு வரவேற்பறை. ஃபேன் இரண்டாகத் தெரிந்தது. மறுநாள் ஒன்றாகியது. பிறகு அவள் பள்ளி, பிறகு கொமுட்டர் நிலையத்தின் மேம்பாலத்திலிருந்து தண்டவாளங்கள். என்னிடம் இருந்த லென்ஸுக்குப் பக்கத்தில் அவள் கைபேசி பொம்மை. ஆனால் அந்தத் தண்டவாளப் படத்தில் ஒரு கம்பிகூட விலகவில்லை. வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்று அடுத்த வீட்டு ஆன்டி என்னிடமே வந்து சொன்னார். வல்லவளுக்கு என்று நான் திருத்தவில்லை.

நான் செய்ததெல்லாம் அவள் தோளுக்குப் பின்னால் நின்று தையலைத் தேடியது. கண்டுபிடித்தால் ஒரு சின்ன நிம்மதி. “இங்க பாரு, சுவரு வளையுது.” “ஆமாங்க, கவனிக்கல” என்று சொல்லி அவள் சரிசெய்துவிடுவாள். அப்புறம் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. பொறாமை என்று அப்போது ஒப்புக்கொண்டதில்லை. தொழில் அக்கறை என்று பெயர் வைத்திருந்தேன். இப்போது சொல்கிறேன், பொறாமைதான். கலப்படமே இல்லாத பொறாமை. அவள் ரசம் நன்றாக இருக்கிறது என்றுகூட அந்த வருடம் நான் ஒருநாளும் சொல்லவில்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, தலைவர் வீட்டுக்கு வந்தார். பொங்கல் வரப்போகிறது, எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாதா? உள்ளே போய் நல்ல சட்டையாகப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அவர் வானிலை பற்றிப் பேசினார். பெட்ரோல் நிலையத்தில் கூட்டம் பற்றிப் பேசினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், “அக்கா இல்லீங்களா?” என்றார்.

அவள் சமையலறையிலிருந்து கை துடைத்துக்கொண்டே வந்தாள்.

“இந்த வருஷம் அந்த நீட்டப் படத்த நீங்க எடுத்துக் குடுங்கக்கா. என் வீட்டுக்காரம்மா சொல்லிட்டாங்க, இன்னொரு தடவ காணாமப் போக முடியாதுன்னு.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஃபேனைப் பார்த்தேன். “அவரு கேமராவாலதான் எடுக்கணும், அவரு சரின்னா எடுக்கிறேன்” என்றாள். “எனக்கென்ன, எடு” என்றேன். நல்ல சட்டையின் பொத்தானை எண்ணிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அதன் பிறகு அவள் செய்த ஒரு காரியம் என்னை இன்னும் எரித்தது. சங்கக் கூட்டத்தில் போய் ஸ்டிக்கர் கோலம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவரவர் பானைக்கு முன்னால் அவரவர் வீட்டுக் கோலத்தை அவரவர் கையாலேயே போட வேண்டும். புடவையும் அவரவர் விருப்பம். மென்பொருளுக்கு ஒரு கோலத்துக்கும் இன்னொரு கோலத்துக்கும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்பதுதான் அவள் காரணம். ஆனால் கூட்டத்தில் இருந்த பெண்களுக்கு வேறு காரணமே தேவைப்படவில்லை. அவர்கள் கைதட்டினார்கள். மூன்று கை அம்மாவும் தட்டினார்.

பொங்கல் ஞாயிறு காலையில் கோர்ட்டுக்குப் போனவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, தோற்றுவிட்டேன் என்று. இருபத்து நான்கு கோலங்கள், ஒன்றுபோல் ஒன்று இல்லை. சிலர் புள்ளி வைத்துப் போட்டிருந்தார்கள், சிலர் வண்ண அரிசியில் மயில் போட்டிருந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து எங்கள் தெருவில் தங்கியிருக்கும் ஐந்து ஆண்கள் சேர்ந்து கோணல்மாணலாக ஒரு கரும்பு போட்டிருந்தார்கள். கோர்ட் முழுவதும் பேச்சும் சிரிப்புமாக இருந்தது. ஸ்டாண்டைக் கோர்ட்டின் நடுவில் என் மனைவி நிறுத்தினாள். என் ஸ்டாண்டு, என் கேமரா. எல்லாரும் அவளைப் பார்த்து, “அக்கா, இங்க ஓகேவா?” என்று கேட்டார்கள்.

எங்கள் பானை இடது கோடியில் இருந்தது. முதல் படத்துக்கு டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய் அவளும் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். பிறகு திரும்பி வந்து மற்றப் படங்களை எடுத்தாள். எனக்கு ஒரு வேலை கொடுத்திருந்தாள். “நீங்க நடுவுல, தலைவர் பானைக்குப் பின்னால நில்லுங்க. உங்க முகம் நடுவுல இருக்கணும்.” அதை மரியாதையாகத்தான் சொன்னாள். எனக்கு அது பிச்சை போட்டது போல் இருந்தது. போகாமல், வெயிலுக்குப் பந்தலாகக் கட்டியிருந்த கெனோப்பித் துணிக்கு மறைவில் நின்றேன். கேமரா மெதுவாகத் திரும்பிக்கொண்டே வந்தது. அவள் கையைத் தூக்கி, “வாங்க, வாங்க” என்று சைகை காட்டினாள். வேறு வழியில்லாமல் போய் நின்றேன்.

சரியாக அந்த நேரத்தில் தலைவரின் ஈர விறகு புகைய ஆரம்பித்தது. கொழுத்த வெள்ளைப் புகை, நேராகக் கேமராவை நோக்கிச் சாய்ந்தது. சரி, தொலைந்தது படம் என்று நினைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியாத, வாய் நிறைந்த சிரிப்பு. என் முகத்தைப் புகை மூடுவதற்குள் அவள் பொத்தானை அழுத்தினாள். காற்று திரும்பிப் புகை மேலே போய்விட்டது. நான் உடனே அங்கிருந்து நகர்ந்து கோப்பி குடிக்கப் போனேன். எனக்குப் பின்னால் பானைகள் ஒவ்வொன்றாகப் பொங்க, “பொங்கலோ பொங்கல்” என்று கோர்ட்டே அதிர்ந்தது. பால் பொங்கும்போது நல்லதை நினைக்க வேண்டும் என்பார்கள். நான் என்ன நினைத்தேன் என்பதை எழுத வேண்டாம்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு, கேமராவின் கார்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள். “கணினியில ஏத்தி வைங்க, நான் பாத்திரத்த கழுவிட்டு வரேன்.” பதினேழு படங்கள். கணினியில் பெயர்கள் மட்டும் எண் வரிசையில் நின்றன. ஒன்பதாவது நடுப் படம். நடுப் படம் என்றால் தலைவர் வீட்டுப் பானை.

அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பதினாறு படங்களை ஏற்றினேன், ஒன்பதாவதை விட்டுவிட்டேன். கார்டை மொத்தமாக அழித்தேன். இரண்டு நிமிட வேலை. சமையலறையில் அவள் ஏதோ முணுமுணுத்தபடி தட்டு அடுக்கும் சத்தம் கேட்டது. நான் விரும்பியது பெரிதாக ஒன்றுமில்லை. அவளுக்கும் தலைவர் காணாமல் போக வேண்டும். மண்டபத்தில் அவளிடமும் யாராவது வந்து, “அக்கா, எங்க வீட்டுப் பானை எங்க?” என்று கேட்க வேண்டும். அப்போது நான் அவள் பக்கத்தில் நின்று, பரவாயில்லை, எனக்கும் இப்படித்தான் ஆனது என்று பெருந்தன்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு முறையாவது நான் பெருந்தன்மையாக இருக்க ஆசைப்பட்டேன்.

அவள் வந்து உட்கார்ந்தாள். நான் தோளுக்குப் பின்னால் நின்றேன், வழக்கம்போல. படங்களை எல்லாம் மென்பொருளில் போட்டாள். ஒரு பச்சைக் கோடு ஊர்ந்தது. நான் நடுவில் விழப்போகும் ஓட்டைக்காகக் காத்திருந்தேன்.

ஓட்டை விழவில்லை. இருபத்து நான்கு பானைகளும் இடமிருந்து வலம் வளைந்து நின்றன. தலைவர், அவர் மனைவி, அவர்கள் கோலம், புகை இல்லாத அடுப்பு, எல்லாம் முழுசாக இருந்தன. மூன்று கை யாருக்கும் இல்லை. எப்படி என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. அவள் ஒவ்வொரு படத்திலும் பாதிக்கு மேல் அடுத்த படத்திலும் வரும்படி விட்டு எடுத்திருந்தாள். எட்டாவது படத்தில் பாதித் தலைவர் குடும்பம், பத்தாவது படத்தில் மீதிப் பாதி, ஓரத்தில் கொஞ்சம் இரண்டிலும். நடுவில் ஒன்று போனாலும் பக்கத்தில் இருந்த இரண்டும் கை கோத்துக்கொண்டன.

அவள் நடுவைப் பெரிதாக்கினாள். தலைவருக்குப் பின்னால் வெறும் கெனோப்பித் துணி.

“நீங்க எங்க?” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எட்டாவதில் நான் துணிக்கு மறைவில் நின்றேன். பத்தாவதில் கோப்பி குடிக்கப் போய்விட்டேன். ஒன்பதாவதில் மட்டும்தான் நான் இருந்தேன். தாமானில் நாய்க்குட்டி உள்பட எல்லாரும் இருந்த படத்தில் நான் ஒருவன் இல்லை. என்னை அழித்ததும் நானேதான். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றேன்.

“கோப்பி குடிக்கப் போயிட்டேன்” என்றேன்.

அவள் திரையில் அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ஓ” என்றாள். அவ்வளவுதான்.

படத்தை எங்கள் கடையில் நானே அச்சடித்தேன். இயந்திரத்திலிருந்து அது மெதுவாக உருண்டு வெளியே வரும்போது கடைப் பையன்கள் எல்லாரும் வந்து நின்று பார்த்தார்கள். “யாருண்ணே எடுத்தது? செம்ம லா!” நான் இயந்திரச் சத்தத்தில் காது கேட்காதவன் மாதிரி நடித்தேன்.

தாமான் மண்டபத்தில் திறப்பு விழா ஒரு ஞாயிறு காலை நடந்தது. சிறப்பு விருந்தினராகச் சுங்கை பூலோவிலிருந்து ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரை அழைத்திருந்தார்கள். எங்கள் தாமானைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. படத்தை முழுசாக ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு மைக்கைப் பிடித்தார். “இவ்வளவு அற்புதமா இந்தப் படத்த எடுத்தவங்களுக்கு நான் பொன்னாடை போத்தணும். யாரு எடுத்தது?”

கூட்டம் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்த பக்கம் கை காட்டியது. அவர் என் மனைவியைப் பார்த்தார், படத்தின் இடது கோடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படம் முழுவதையும் பார்த்தார். பிறகு மாணவனின் திருட்டைப் பிடித்த வாத்தியார் மாதிரி விரலை ஆட்டினார்.

“அம்மா படத்துல நிக்கிறாங்க. ஐயாதான் எங்கேயும் இல்ல. படம் எடுத்தவரு படத்துல எப்படி இருப்பாரு? அப்ப ஐயாதான்!”

மண்டபமே சிரித்துக் கைதட்டியது. தலைவர் எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சிவப்புச் சரிகைப் பொன்னாடை என் தோளில் விழுந்துவிட்டது. ஒரு வருடமாக நான் ஏங்கியது அது. “நான் இல்லீங்க” என்பது இரண்டே வார்த்தை. மைக் என் முகத்துக்கு நேரே இருந்தது. நான் கும்பிட்டேன். “நன்றி” என்றேன். தலைவர் மெதுவாக உட்கார்ந்தார். முன் வரிசையில் என் மனைவி கைதட்டிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் தட்டினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் ரேடியோவைப் போட்டேன். அவள் அணைத்தாள். பொன்னாடை அவள் மடியில் இருந்தது. மடிப்புக் கலையாமல் மடித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு விளக்கில் வண்டி நின்றது.

“அந்த ஒன்பதாவது படத்த நான்தான் அழிச்சேன்” என்றேன்.

“தெரியும்.”

“எப்படி?”

“எட்டுக்கு அப்புறம் பத்து வந்தா எனக்குத் தெரியாதா? பாலர் பள்ளி டீச்சருங்க நான்.”

விளக்கு பச்சையாகியது. பின்னால் ஒரு லோரிக்காரன் ஹாரன் அடித்தான். நான் வண்டியை எடுத்தேன்.

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“கேட்டா என்ன சொல்லுவீங்க? நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன். இன்னிக்குச் சொல்லிட்டீங்க.” பொன்னாடையின் நூல் ஒன்று பிரிந்திருந்தது. அதை விரலில் சுற்றிப் பல்லால் கடித்தாள். “படம் எடுக்கும்போதே தெரியும், நீங்க ஏதாவது பண்ணுவீங்கன்னு. அதான் பாதிக்கு மேலயே விட்டு எடுத்தேன். உங்களுக்கு எப்பவுமே உள்ள கொஞ்சம் துணி விட்டுத்தாங்க தைக்கிறேன், கல்யாணம் ஆனதுலேர்ந்து.”

அவள் அதைத் திட்டாகச் சொல்லவில்லை. அளவு சொல்வது போல் சொன்னாள். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன், வீடு வருவதற்குள் சமாதானம் ஆகியிருக்கும். எனக்குக் கண் கரித்தது. அப்போதும் உள்ளே ஒரு மூலையில், இந்த நல்ல குணத்திலும் இவள்தான் ஜெயிக்கிறாள் என்று ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் இன்னும் போகவில்லை.

எங்கள் தெருவுக்குள் வண்டி திரும்பியது. அவள் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணுதாங்க வருத்தம்” என்றாள். “கார்ட உங்ககிட்ட குடுக்கறதுக்கு முந்தி கோர்ட்டுலேயே எல்லாத்தையும் கேமராவுல ஒரு தடவ பார்த்தேன். அந்த ஒன்பதாவதுல நீங்க அவ்வளவு அழகா சிரிச்சிட்டு நின்னீங்க. நான் கூப்பிட்டதும் வந்து என்னைப் பார்த்து அப்படிச் சிரிச்சீங்களேன்னு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அத மட்டும் தனியா பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டலாம்னு நினைச்சிருந்தேன்.”

வண்டியை வாசலில் நிறுத்தினேன். அவள் இறங்கிக் கேட்டைத் திறந்தாள். எதைப் பார்த்து அப்படிச் சிரித்தேன் என்று அவளிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.